கடைவீதியின் பழைய முகங்களைக் காட்டும் ஸ்ட்ரீட் வியூ: என் மதிப்புரை

ஒரு சின்ன ஊரின் கடைவீதி எப்படி மாறி வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள், காமிரா வைத்த கார் எடுத்த தெருப்படங்களைக் கூகுள் மேப்ஸில் காட்டும் ஸ்ட்ரீட் வியூவின் பழைய படங்களைக் கட்டாயம் பாருங்கள். காசு கிடையாது. கம்ப்யூட்டரில் 2014-இல் வந்த வசதி, 2022-இல் மொபைலுக்கும் வந்துவிட்டது. தெருப்படத்துக்குள் போனதும் அது எடுக்கப்பட்ட மாதமும் வருடமும் தெரியும், அங்கேயே மற்ற தேதிகளைத் தேர்ந்தெடுத்தால் அதே இடத்தின் முந்தைய படங்கள் வரிசையாக வந்து நிற்கும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, காமிரா வைத்த கார் எதையும் பொறுக்கி எடுப்பதில்லை என்பதுதான். மனிதர்கள் படம் எடுத்தால் மணிக்கூண்டையும் திருவிழாக் கூட்டத்தையும் எடுப்பார்கள், பூட்டிக் கிடக்கும் கடையை யார் எடுப்பார்கள்? கார் அதையும் எடுக்கிறது, வாடகைக்கு விடப்படும் என்ற போர்டையும், பாதி பெயர்ந்த நடைபாதையையும் எடுக்கிறது, ஒரு தெரு நொடித்துப்போனதையோ மறுபடி எழுந்ததையோ அந்த விவரங்கள்தான் சொல்கின்றன.

ஒரு விஷயம், கீழே இருக்கும் கடைகளோடு நின்றுவிடாதீர்கள், மாடியைப் பாருங்கள். வாடகைக்கு வருகிறவர்கள் எல்லாம் கீழ்த்தளத்தில் புதுக் கண்ணாடி, புதுப் போர்டு என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள், மாடியில் பெரும்பாலும் யாரும் கை வைக்க மாட்டார்கள். பழைய ஜன்னல் வளைவு, கைப்பிடிச் சுவரில் பொறித்த கட்டிய வருடம், சுவரில் மங்கிப்போன விளம்பர எழுத்து எல்லாம் அங்கேதான் தப்பிக் கிடக்கும்.

ஆனால் இதை மட்டும் வைத்து முழு வரலாறும் சொல்ல முடியாது. ஸ்ட்ரீட் வியூ 2007-இல் ஐந்து அமெரிக்க நகரங்களில் தொடங்கியது, அதற்கு முன்னால் படமே இல்லை. ரயில் வந்து ஒரு தெரு பெரிதானதும், பைபாஸ் போட்டதும் கூட்டம் குறைந்ததும் பெரும்பாலான ஊர்களில் அதற்கு முன்பே நடந்து முடிந்த கதை. இந்தியாவிலோ 2022 ஜூலையில், அதுவும் பத்து நகரங்களில்தான் முறையாக வந்தது, அதனால் இங்குள்ள சிற்றூர்களுக்கு ஆழமாக எதையும் எதிர்பார்க்க முடியாது.

அமெரிக்க ஊர் என்றால் சான்பார்ன் வரைபடங்களையும் கூடவே திறந்து வையுங்கள். தீ காப்பீட்டுக்காக ஏறக்குறைய 12,000 ஊர்களுக்குக் கட்டடம் கட்டடமாக வரைந்தவை, செங்கல் என்றால் இளஞ்சிவப்பு, மரம் என்றால் மஞ்சள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் நிறையவே இலவசமாகக் கிடைக்கின்றன. மஞ்சளாக இருந்த வரிசை அடுத்த பதிப்பில் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், இடையில் தீ விபத்தோ, ஊரில் காசு புழக்கமோ ஏதாவது நடந்திருக்கிறது என்று தேடத் தொடங்கலாம்.

அப்புறம், பிடித்த படங்களைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் கேட்டால் கூகுள் கட்டடத்தையே மங்கலாக்கிவிடும், மங்கலாக்கிய படம் பிறகு திரும்ப வராது.