பெயர் ஒன்று, ஓட்டம் இரண்டு: சிடிஇ-யா, டெம்ப் டேபிளா?

டேட்டாபேஸில் மாதவாரி விற்பனைக் கூட்டுத்தொகையை வித் (WITH) போட்டு ஒரு சிடிஇ-யாக, அதாவது ஒரு குவெரிக்குள் மட்டும் செல்லும் பெயர் வைத்த துணைக் குவெரியாக, எழுதுகிறோம். அப்புறம் அதே குவெரியில் அதை இரண்டு தடவை கூப்பிட்டு, இந்த மாதத்தையும் போன மாதத்தையும் ஜாயின் செய்கிறோம். பெயர் ஒன்றுதானே, கணக்கும் ஒரு தடவைதான் நடக்கும் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸில் அப்படி இல்லை. கூப்பிட்ட இடத்திலெல்லாம் சிடிஇ-யின் உள்ளடக்கம் விரியும். குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸிக்யூஷன் பிளானைத் திறந்தால் விற்பனை டேபிளை இரண்டு முறை படித்திருப்பது தெரியும். நேரம் போவதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. உள்ளே, கூப்பிடும்போதெல்லாம் புது ஐடி தரும் நியூஐடி ஃபங்ஷனை வைத்து ஒவ்வொரு வரிக்கும் அடையாளம் கொடுத்திருந்தால், ஜாயினின் இரண்டு பக்கமும் வேறு வேறு மதிப்பு வரலாம்.

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் வேறு ரகம். 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து, சாதாரண செலக்ட் சிடிஇ-யை ஒரு தடவை கூப்பிட்டால் மெயின் குவெரியோடு கலந்துவிடும். ஒன்றுக்கு மேல் கூப்பிட்டால் ஒரே முறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். வெளியே வேர் (WHERE) நிபந்தனை இருந்தும் அது உள்ளே இறங்காமல் முழு டேபிளையும் அள்ளுகிறதா? நாட் மெட்டீரியலைஸ்ட் (முடிவைத் தனியே சேமிக்காதே) என்று சிடிஇ-யில் சொல்லிப் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 8.0-வும் மெட்டீரியலைஸ் செய்துவிட்டால், எத்தனை தடவை கூப்பிட்டாலும் குவெரிக்கு ஒரு முறைதான்.

முடிவைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் டெம்ப் டேபிளில் இந்தச் சந்தேகமே இல்லை: கணக்கு ஒரு முறை, இண்டெக்ஸும் போடலாம், அடுத்த குவெரிக்கும் கிடைக்கும். ஆனால் நிரந்தர வியூவுக்குள் (பெயர் போட்டுச் சேமித்த குவெரிக்குள்) வைக்க முடியாது. போஸ்ட்கிரஸில் தானாக ஓடும் பராமரிப்பு வேலையான ஆட்டோவேக்குவம் டெம்ப் டேபிளைத் தொடாது என்பதால், பிளான் போடத் தேவையான புள்ளிவிவரத்தைச் சேகரிக்கும் அனலைஸையும் நாமே ஓட்ட வேண்டும். எஸ்கியூஎல் சர்வரில் கனமான கணக்கை இரண்டு இடத்தில் கேட்டால் நான் யோசிக்காமல் டெம்ப் டேபிள்தான் போடுவேன். மற்ற இரண்டிலும் முதலில் சிடிஇ. பிளான் கையை விரித்தால்தான் மாற்றுவேன்.

சரி, இந்த உதாரணத்துக்கு இரண்டுமே தேவையில்லை. முந்தைய வரியின் மதிப்பை எடுத்துத் தரும் லேக் (LAG) விண்டோ ஃபங்ஷன் இருந்தால் சிடிஇ-யை ஒரு தடவை கூப்பிட்டால் போதும். ஒரே சிக்கல், லேக் எடுப்பது முந்தைய வரியை, முந்தைய மாதத்தை அல்ல. மார்ச்சில் விற்பனையே இல்லையென்றால், ஏப்ரலுக்குப் பக்கத்தில் பிப்ரவரித் தொகை வந்து உட்காரும். லெஃப்ட் ஜாயினில் அந்த இடம் காலியாக இருக்கும்.