ஆண்டோர்: முடிவு தெரிந்தும் உட்கார வைக்கும் முன்கதை

முன்கதை, அதாவது ஏற்கெனவே வந்த கதைக்கு முன்னால் நடந்ததைச் சொல்லும் கதை என்று அறிவித்தவுடனே ரசிகர்களுக்கு அடிவயிற்றில் ஒரு பயம் வரும். யார் பிழைப்பார்கள், யார் சாவார்கள் என்பது ஏற்கெனவே தெரியும். அதோடு, பழைய கதையில் வந்த ஒரு வசனத்தையோ ஒரு கருவியையோ புதுத் தொடர் தப்பாகத் தொட்டுவிட்டால் பழையதும் சேர்ந்து ஆட்டம் காணும். ஸ்டார் ட்ரெக் டிஸ்கவரி என்ற விண்வெளித் தொடர் மாட்டிக்கொண்டது இப்படித்தான். 2017இல் தொடங்கிய அந்தத் தொடரின் கதை, 1966இல் வந்த மூலத் தொடருக்குச் சுமார் பத்தாண்டு முன்னால் நடக்கிறது. ஆனால் கப்பல் முழுக்க ஹோலோகிராம். காளான் வித்து வலை வழியாகக் கண்மூடித் திறப்பதற்குள் எங்கும் தாவும் எஞ்சின் வேறு. இதெல்லாம் இருந்திருந்தால் மூலத் தொடரின் நாயகன் கேப்டன் கிர்க் ஏன் பயன்படுத்தவில்லை? பதில் சொல்ல முடியாமல், இரண்டாவது சீசன் முடிவில் கப்பலையே 900 ஆண்டுகளுக்கு மேல் எதிர்காலத்துக்கு அனுப்பி, அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கதைக்குள்ளேயே உத்தரவு போட்டார்கள்.

இந்தப் பள்ளத்தில் விழாமல் நடந்த ஸ்டார் வார்ஸ் தொடர் ஆண்டோர். முதல் சீசன் 2022 செப்டம்பரில், இரண்டாவது 2025 ஏப்ரலில். தலா 12 எபிசோட். இது 2016இல் வந்த ரோக் ஒன் படத்துக்கு முன்கதை. அந்தப் படமோ 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸுக்கு முன்கதை. நாயகன் காஸியன் ஆண்டோர் எப்படிச் சாகிறான் என்று படம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். எழுதி உருவாக்கிய டோனி கில்ராய் ரோக் ஒன்னின் திரைக்கதையிலும் கை வைத்தவர். அவர் மறைத்து வைத்து விளையாடவில்லை. ‘அடுத்து என்ன?’ என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, ‘எப்படி நடந்தது, என்ன செலவானது?’ என்று கணக்கு எழுத உட்காருகிறார். இனி வரும் எந்த முன்கதையிடமும் ரசிகர்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

(கதையின் முக்கியத் திருப்பங்கள் கீழே வருகின்றன. பார்க்காதவர்கள் கடைசி இரண்டு பத்திக்குப் போய்விடலாம்.)

அந்தக் கணக்கு எவ்வளவு கறாரானது என்று பாருங்கள். ஆல்தானி கிரகத்தில் ஏழு பேர் சேர்ந்து, விண்மீன் மண்டலத்தை அடக்கி ஆளும் பேரரசின் சம்பளப் பணம் 8 கோடி கிரெடிட்டைக் (அந்த உலகின் நாணயம்) கொள்ளையடிக்கிறார்கள். காஸியனுக்குப் பேசிய கூலி 2 லட்சம். வேறு தொடராக இருந்தால் கொண்டாட்டத்தோடு அடுத்த சாகசத்துக்குப் போயிருக்கும். இங்கே அந்தக் கொள்ளையின் விளைவாகப் பேரரசு தண்டனைச் சட்டத்தைக் கடுமையாக்குகிறது. கடற்கரை ஊரில் கடைக்கு நடந்துபோன காஸியனை ஒரு சிப்பாய் சும்மா பிடிக்கிறான். விசாரணை என்று சொல்லவே ஒன்றுமில்லாமல் ஆறு வருடம் சிறை. சிறையில் அவன் பூட்டிக் கொடுக்கும் உதிரிபாகம் எங்கே போகிறது என்பது முதல் சீசனின் கடைசிப் பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்த பிறகுதான் தெரியும்: கிரகத்தையே அழிக்கும் டெத் ஸ்டார் நிலையத்தின் பீரங்கிக் கிண்ணத்துக்கு. அவனைக் கொல்லப்போகும் ஆயுதத்தை அவனே வெறுங்காலோடு நின்று செய்திருக்கிறான். ஒரு கண்ணிகூடத் தற்செயல் கிடையாது.

நார்கினா 5 என்ற அந்தச் சிறை மூன்று எபிசோட் வருகிறது (8, 9, 10). தொடரின் உச்சம் அதுதான். ஒரு மேஜைக்கு 7 பேர், ஓர் அறையில் 7 மேஜை, ஒரு தளத்தில் 7 அறை, மொத்தம் 7 தளம். பெருக்கினால் ஒரு ஷிஃப்டுக்கு 2,401 பேர். இரண்டு ஷிஃப்டுக்கு 4,802. பின்னால் ஒரு கைதி மற்றவர்களிடம் “நாம் ஐயாயிரம் பேர்” என்று அறிவிக்கும்போது அந்த எண் காற்றில் வந்ததில்லை என்று தெரிந்துகொள்ளலாம். காவலுக்குத் துப்பாக்கிகூட அதிகம் தேவையில்லை. தரையே மின்சாரம் பாயும் இரும்பு, கைதிகளுக்குச் செருப்பு கிடையாது. வேலையில் பின்தங்கும் மேஜைக்கு ஷாக். முந்தும் மேஜைக்குச் சாப்பாட்டுக் குழாயில் கொஞ்சம் ருசி. அடிமைகளை ஒருவரோடு ஒருவர் போட்டி போட வைக்க இவ்வளவுதான் தேவை என்று ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிடுகிறார்கள்.

தப்பிக்கும் திட்டமும் அதே அளவு துல்லியம். குளியலறையில் தண்ணீர்க் குழாயைக் காஸியன் நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து வைக்கிறான். புதுக் கைதி லிஃப்டில் இறங்கும் வேளைதான் லிஃப்டை மடக்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. குழாய் உடைந்து தண்ணீர் பரவினால் தரை ஷார்ட் ஆகும். எல்லாம் தயார். குறைவது ஒரு தகவல்தான்: ஒரு தளத்துக்கு எத்தனை காவலர்? மேற்பார்வையாளன் கீனோ லாய் தண்டனைக் காலம் முடியப்போகிறது என்று நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவன். எவ்வளவு கேட்டும் வாய் திறக்க மாட்டான். ‘விடுதலை’ ஆனவர்களை வேறு தளத்தில் மறுபடி அடைக்கிறார்கள் என்று தெரிந்த அந்த நிமிடம் அவன் வாயிலிருந்து பதில் வருகிறது: பன்னிரண்டுக்கு மேல் எப்போதும் இல்லை. ஒன்பதாவது எபிசோட் அங்கே முடிகிறது. ஒரு மனிதன் கட்சி மாறுவதை ஓர் எண்ணில் சொல்லிவிட்டார்கள். கீனோவாக நடிக்கும் ஆண்டி செர்கிஸின் முகத்தை அந்த இடத்தில் கவனியுங்கள்.

மறுபக்கம் செனட்டர் மான் மோத்மாவின் கணக்குப் புத்தகம். புரட்சிக்குக் கொடுத்த பணத்தால் குடும்ப அறக்கட்டளையில் 4 லட்சம் கிரெடிட் துண்டு விழுகிறது, தணிக்கை வரப்போகிறது. கடனுக்கு வரும் தாவோ ஸ்கல்டன் வட்டி கேட்கவில்லை, தன் மகனை அவருடைய மகளுக்கு அறிமுகப்படுத்தச் சொல்கிறான். இரண்டாவது சீசன் தொடங்குவதே அந்தக் கல்யாணத்தில். உதவிய பால்ய நண்பன் இனி ஆபத்து என்று புரட்சியை ரகசியமாக நடத்தும் லூத்தன் முடிவெடுப்பதும் அதே கல்யாண வீட்டில்தான். அது புரிந்த பிறகு மான் மோத்மா கோப்பையைக் காலிசெய்துவிட்டுக் கூட்டத்தின் நடுவில் வெறிகொண்டு ஆடுவார். ஜெனிவீவ் ஓ’ரைலி இந்தக் கதாபாத்திரத்தைப் படங்களில் சில நிமிடங்களே செய்தவர். அந்த நிமிடங்களுக்குப் பின்னால் இவ்வளவு இருந்திருக்கிறது.

பழைய கதையோடு தையல் போடும் இடங்களிலும் நேர்த்தி. காஸியன் ஃபெஸ்ட் கிரகத்தில் பிறந்தவன் என்பது ரோக் ஒன் காலத்துத் தகவல். தொடரில் அவன் கெனாரியைச் சேர்ந்தவன்; ஃபெஸ்ட் என்பது அவனைக் காப்பாற்ற வளர்ப்புத் தாய் ஊருக்குச் சொன்ன பொய். மான் மோத்மா செனட்டைவிட்டுத் தப்பியதை ரெபெல்ஸ் என்ற ஸ்டார் வார்ஸ் கார்ட்டூன் 2017லேயே காட்டிவிட்டது. ஆண்டோர் அதை அழிக்காமல், கார்ட்டூன் கதைக்கு முந்தைய சில மணி நேரத்தைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. அந்த எபிசோடுக்காக டான் கில்ராய்க்குத் திரைக்கதை எம்மி கிடைத்தது. ரோக் ஒன்னில் காஸியனின் கூட்டாளியான கே-2எஸ்ஓ ரோபோ முதல் சீசனில் வரவே இல்லை என்று பலர் குறைப்பட்டார்கள். இரண்டாவது சீசனின் எட்டாவது எபிசோடில், கோர்மன் கிரகத்துப் படுகொலையில் மக்களை வீசியெறியும் இயந்திரமாக அது வரும்போது காத்திருந்ததற்குப் பொருள் கிடைக்கிறது.

கண்ணுக்கும் பழைய காலம்தான்: பொத்தான், திருகு, மங்கிய திரை. முதல் சீசனில் பின்னணியைத் திரையில் காட்டும் எல்.இ.டி. சுவரை நம்பாமல், காஸியன் வாழும் ஃபெரிக்ஸ் ஊரை நிஜமாகவே கட்டினார்கள். ஆல்தானி அணை ஸ்காட்லாந்தில் உள்ள க்ரூவாகன் அணை. டிஸ்கவரி சறுக்கிய இடம் இது. பின்னால் வரும் கதையைவிட முன்கதை புதிதாகத் தெரியக் கூடாது.

குறைகள் உண்டு, சின்னதில்லை. முதலில் ஐந்து சீசன் என்று போட்ட திட்டம் இரண்டாகச் சுருங்கியது. அதனால் இரண்டாவது சீசனில் மூன்று எபிசோடுக்கு ஒரு வருடம் என்று கதை தாவுகிறது. ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் யார் எங்கே, யாரோடு என்று பிடிபடப் பத்து நிமிடம் போகிறது. அதிகம் பாதிக்கப்பட்டது காஸியனின் காதலி பிக்ஸ். முதல் சீசனில் தன் காலில் நின்ற பெண். இரண்டாவதில் வலியைத் தாங்குவதும் காஸியனுக்காக விலகிப்போவதுமே அவள் வேலை ஆகிவிட்டது. முதல் காட்சியிலேயே தொடங்கிய, காஸியன் தங்கையைத் தேடும் கதை கடைசிவரை ஒரு கனவாகவே நிற்கிறது. இரண்டாவது சீசனின் தொடக்கத்தில் காட்டில் சண்டை போட்டுக்கொள்ளும் கிளர்ச்சிக் குழு தேவைக்கு மேல் இழுக்கிறது. அந்த இடம் பின்னால் கிளர்ச்சியாளர்களின் தளமாகும் யாவின் என்று தெரிந்த பிறகும் அந்த நீளத்தை மன்னிக்க முடியவில்லை. “ஆறு வயதிலிருந்து இந்தப் போரில் இருக்கிறேன்” என்று ரோக் ஒன்னில் காஸியன் சொல்வதும் இங்கே காட்டும் குழந்தைப் பருவத்தோடு முழுசாக ஒட்டவில்லை.

பார்க்கும் முறை முக்கியம். ஸ்டார் வார்ஸ் எதுவும் பார்க்காதவர்களும் தொடங்கலாம். ஒளிவாளோ, அதை ஏந்தும் ஜெடை வீரர்களோ வரமாட்டார்கள். மொத்தம் ஏறக்குறைய 18 மணி நேரம். பலர் முதல் எபிசோடோடு நிறுத்திவிடுகிறார்கள். மெதுவாக இருப்பது உண்மைதான், ஏனென்றால் 1 முதல் 3 வரை ஒரே கதை. மூன்றையும் ஒரே இருப்பில் பாருங்கள். பிறகு 4 முதல் 6, 7 தனியாக, 8 முதல் 10, 11, 12 சேர்த்து. இரண்டாவது சீசனை மும்மூன்றாக, நான்கு இரவில் முடிக்கலாம். வெளியானதும் வாரம் மூன்றாகத்தான். தாவலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கடைசி எபிசோட் முடிந்ததும் இடைவெளி விடாமல் ரோக் ஒன்னைப் போடுங்கள். காஸியன் கப்பலேறி காஃப்ரீன் வளையத்துக்குக் கிளம்புவதோடு தொடர் முடிகிறது. படத்தில் அவன் முதன்முதலில் தோன்றுவது அங்கேதான். தகவல் கொண்டுவந்தவனுக்குக் கை சரியில்லை, சுவரேறித் தப்ப முடியாது. சிப்பாய்கள் நெருங்குகிறார்கள். காஸியன் அவனைச் சமாதானப்படுத்திக்கொண்டே முதுகில் சுடுகிறான். 2016இல் அதிர்ச்சியாக மட்டும் இருந்த காட்சி. லூத்தனிடம் அவன் வேலை கற்றதை 24 எபிசோட் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு, அந்தச் சமாதானக் குரலை எங்கே பழகினான் என்பது தெரியும்.