மனக்காயம் அறிந்து குழு நடத்த எங்கே கற்பது? நான்கு வழிகள், ஒரு ஒப்பீடு

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் குழு நடத்துகிறவர்களுக்குக் குறைவே இல்லை. மில் ஹாஸ்டலில் பெண் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவர், சுய உதவிக் குழு ஒருங்கிணைப்பாளர், குடிக்கு அடிமையானவர்களின் வீட்டுப் பெண்களைக் கூட்டிப் பேசுபவர், பள்ளிகளுக்குப் போகும் தன்னார்வலர் என்று பலர். ரத்தசோகை பற்றியோ சேமிப்பு பற்றியோ பேசத்தான் போவார்கள். பாதியில் ஒருவர் உடைந்து அழுவார், இல்லையென்றால் ஒரு பிள்ளை அசையாமல் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று முறையாகக் கற்க நினைப்பவருக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: பயிலரங்கு, கல்லூரிப் படிப்பு, கையேட்டு முறை, அனுபவமுள்ளவர் நடத்தும் குழுவில் அவரோடு கூட உட்கார்ந்து கற்பது. என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட உட்கார்வதுதான் முதலிடம். மற்ற மூன்றும் அதற்குத் துணை.

எதைக் கற்கப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். மனநலத்தையும் போதைப் பழக்கத்தையும் கவனிக்கும் அமெரிக்க அரசின் சாம்சா அமைப்பு, மனக்காயம் அறிந்து நடப்பதற்கு 2014இல் ஆறு கொள்கைகளை வகுத்தது: பாதுகாப்பு, ஒளிவுமறைவில்லாத நம்பகம், அதே துன்பத்தைக் கடந்தவர்களின் துணை, சேர்ந்து செயல்படுதல், அவரவர் குரலுக்கும் விருப்பத்துக்கும் இடம், பண்பாடு, வரலாறு, பாலினம் பற்றிய கவனம். இவை சிகிச்சை முறைகள் அல்ல. குழு நடத்துபவர் காயத்தைத் திறந்து பார்க்கப் போவதில்லை. வந்தவர் மறுபடி ஒரு அடி வாங்காமல் வீடு திரும்ப வேண்டும், அதுதான் அவர் பொறுப்பு. மீட்சியில் பாதுகாப்புதான் முதல் கட்டம், நடந்ததை நினைத்துத் துக்கப்படுவது அதற்கு அப்புறம்தான் என்று மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இலேயே எழுதிவிட்டார்.

இரண்டு நாள் பயிலரங்குதான் எளிதில் கிடைப்பது. அதன் பலனை நான் மறுக்கவில்லை. ஆபத்து வந்தால் உடம்பு எதிர்க்கும், ஓடும், இல்லையென்றால் உறைந்துபோகும் என்று ஒருமுறை புரிந்துகொண்டவர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வெறித்துப் பார்க்கும் பிள்ளையைத் திமிர் பிடித்தவள் என்று நினைக்க மாட்டார். ஆனால் சில பயிலரங்குகளில் முதல் நாளே வட்டமாக உட்காரவைத்து, வாழ்க்கையில் ரொம்ப வலித்த சம்பவத்தைச் சொல்லச் சொல்கிறார்கள். எல்லோரும் அழுவார்கள், மனசு லேசானது போலவும் இருக்கும். அதையே பார்த்துப் பழகியவர் பல்லடத்தில் ஒரு ஹாஸ்டலில் போய்ச் செய்தால் என்ன ஆகும்? அதிர்ச்சிக்குப் பின் ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறையைப் பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. பின்னால் வரும் மனநோயை அது தடுக்கவில்லை. சிலருக்குக் கூடுதல் கெடுதலும் நேர்ந்திருக்கிறது. அந்த முறை வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

ஆன்லைன் சான்றிதழையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியின் அடிப்படை, கவனி, காதுகொடு, உதவியோடு இணை என்பது. இதைத் திரையிலேயே கற்றுக்கொள்ளலாம். அறையில் பதினைந்து பேர் இருக்கையில் யாருடைய மூச்சு மாறுகிறது என்று பார்க்கிற பழக்கம் திரையில் வராது.

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பு கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி உட்பட இங்கேயே இருக்கிறது. குழுப்பணி அந்தப் படிப்பின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று, களப்பணியும் கட்டாயம். இருபத்திரண்டு வயதுக்காரர் கேட்டால் யோசிக்காமல் சேரச் சொல்வேன். நாற்பது வயதில் பல ஊர்க் குழுக்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு வருடப் படிப்பு நடக்கிற காரியமில்லை.

கையேட்டு முறையைப் பலரும் கவனிப்பதே இல்லை, அது வருத்தமான விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ் குழு வடிவம் வாரம் ஒன்றாக ஐந்து அமர்வுகள் கொண்டது. மெதுவாக மூச்சு விடுவது, சிக்கலைப் பிரித்துப் பார்ப்பது, விட்டுப்போன வேலைகளைச் சின்னதாகத் திரும்பத் தொடங்குவது, நெருங்கியவர்களின் துணையைக் கூட்டிக்கொள்வது, இவ்வளவுதான் உள்ளடக்கம். பழைய கொடுமையை யாரும் விவரித்தாக வேண்டியதில்லை. மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களே பயிற்சி பெற்று நடத்தலாம். ஆனால் மேலே ஒருவர் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பது விதி. பாகிஸ்தானின் ஸ்வாத் பகுதிப் பெண்களிடம் இது பலன் தந்ததாக 2019இல் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. ஒரே குறை, குழுவே இதற்கென்று கூட வேண்டும். சேமிப்புக் கூட்டத்தில் திடீரென்று ஒருவர் அழுதால் கையேட்டைப் புரட்ட நேரம் இருக்காது.

அந்த நேரத்துக்குத்தான் கூட உட்கார்ந்து கற்றது உதவும். தேர்ந்த ஒரு அக்கா ஹாஸ்டல் ஹாலுக்கு முன்னதாகவே போய்விடுவார். நாற்காலிகளை வட்டமாகப் போடும்போது யாருடைய முதுகும் கதவைப் பார்க்காதபடி போடுவார். கதவு சாத்தியிருக்கும், தாழ்ப்பாள் போட்டிருக்காது. வார்டன் பின்னால் உட்கார்ந்தால் ஒரு பிள்ளையும் வாய் திறக்காது என்று தெரிந்து, அதை நிர்வாகத்திடம் முன்பே பேசி முடித்திருப்பார். கண்ணை மூடச் சொல்ல மாட்டார். பலர் இருக்கும் அறையில் கண்ணை மூடுவது, இருட்டில் கொடுமையைப் பார்த்த ஒருத்திக்கு ஓய்வாக இருக்காது. "கண்ணை மூடினாலும் சரி, தரையில ஒரு இடத்தைப் பார்த்துட்டு இருந்தாலும் சரி. பேசோணும்னு கட்டாயம் இல்லீங்க கண்ணு. நடுவுல எந்திரிச்சுப் போனா ஏன்னு கேட்க மாட்டேன்" என்று தொடங்குவார்.

நிறுத்தத் தெரிவதுதான் இதில் ரொம்பக் கடினம். ஒரு பெண் எல்லார் முன்னிலையிலும் கொட்டத் தொடங்கிவிட்டார். விட்டால் இன்று ராத்திரி முழுக்க ஏன் சொன்னோம் என்று தவிப்பார், வெட்டினால் அவமானப்படுவார். அக்கா நாற்காலியைக் கொஞ்சம் முன்னே இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "நீங்க சொல்றது பெரிய விஷயமுங்க. இதை நான் அவசரமில்லாம முழுசாக் கேட்கோணும். முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் தனியா உட்காரலாமுங்களா?" சரி என்று அவர் தலையசைத்த பிறகுதான் மற்றவர்கள் பக்கம் திரும்புவார். முடிந்ததும் சொன்னபடியே காத்திருப்பார். எழுத்தில் படித்தால் எளிது. எந்த மூச்சில் குறுக்கிடுவது என்பது பக்கத்தில் இருந்து பலமுறை பார்த்தால்தான் பிடிபடும்.

கிராமத்துச் சங்கதிகளும் அப்படித்தான். சுய உதவிக் குழுவில் பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை ஒரே தெருவில் இருந்து வருவார்கள். எதிரே மாமியார், பக்கத்தில் ஓரகத்தி. ஒருத்தி பேசியது அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேரும். கோவில் மண்டபத்தில் கூட்டம் வைத்தால் காலனிப் பெண்கள் வாசலோடு நின்றுவிடும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே பாதுகாப்பு இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கெட்டுவிடுகிறது. ஒடிசாவில் இருந்து வந்த பிள்ளைகளுக்குச் சூபர்வைசரே மொழிபெயர்த்தால் என்ன வெளியே வரும்? இந்த ஊரில் நடந்து பழகியவரிடம்தான் இதையெல்லாம் கற்க முடியும்.

இந்த வழிக்கும் குறை உண்டு, சின்னக் குறையில்லை. அக்காவின் கோளாறும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். "பொறுத்துப் போ அம்மிணி, ஆம்பளைன்னா அப்படித்தான்" என்று ஆறுதல் சொல்லும் மூத்தவரிடம் கற்றவர் அதையே சொல்வார். அதனால்தான் பயிலரங்கும் வேண்டும் என்கிறேன். பார்த்ததைச் சரிபார்க்க ஒரு அளவுகோல் அங்கே கிடைக்கும். அமர்வு முடிந்ததும் அக்காவோடு அரை மணி நேரம் பேசுவதும் கட்டாயம். அதைப் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டு செய்யக் கூடாது. பக்கத்து மேசையில் அதே மில்லின் ஆள் இருக்கலாம்.

பணம் கட்டுமுன் பயிற்சி தருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நான் குழு நடத்துவதை யாராவது நேரில் வந்து பார்ப்பீர்களா? "இங்கே பேசுவது வெளியே போகாது" என்று நான் எதுவரை உறுதி தரலாம்? பதினெட்டு வயது நிரம்பாதவர் பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயமாக்குகிறது. மில் ஹாஸ்டல்களில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த எல்லையைத் தொடக்கத்திலேயே சொல்லாமல் நம்பிக்கை வாக்குக் கொடுத்தால், பேசிய பிள்ளையை நாமே ஏமாற்றியவர்கள் ஆவோம். இதைப் பற்றி வாய் திறக்காத பயிற்சியில், எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும், சேர வேண்டாம் என்பேன். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்களை எப்போது, எப்படிக் கைமாற்றுவது என்றும் அங்கே சொல்லித்தர வேண்டும்.

பக்கத்தில் அப்படி ஒரு மூத்தவரே இல்லையா? உங்களைப் போலக் குழு நடத்தும் இன்னொருவரைப் பிடியுங்கள். ஒருவர் நடத்த மற்றவர் பார்க்கட்டும், அடுத்த தடவை மாற்றிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை இரண்டு பேரும் ஒரு மனநல ஆலோசகரிடம், உறுப்பினர்களின் பெயர் சொல்லாமல், குறிப்பேட்டோடு போய் உட்காருங்கள்.