விலை குறைந்த ஸ்பின்னிங் ரீல்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

தூண்டில் நரம்பைச் சுற்றி எடுக்கும் ஸ்பின்னிங் ரீலின் பெட்டி மேல் 10+1, 12+1 என்று கொட்டை எழுத்தில் பேரிங் எண்ணிக்கை போட்டிருப்பார்கள். நன்னீரில் சில வருடங்களாக இரண்டு மலிவு ரீல்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். ஒன்றில் 11 பேரிங், இன்னொன்றில் நான்கே நான்கு. பெரிய மீன் மாட்டும் என்று தெரிந்த இடத்துக்கு நான் எடுத்துப் போவது நான்கு பேரிங் ரீலைத்தான்.

பேரிங் எத்தனை என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பெரிய கியரின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, அதோடு பொருந்திச் சுற்றும் சின்னக் கியரான பினியனுக்கு ஒன்று, நரம்பு ஏறி ஓடும் லைன் ரோலரில் ஒன்று. இந்த இடங்களில் தரமானது இருந்தால் போதும். தனியாகச் சொல்லப்படும் அந்த "+1" பெரும்பாலும் கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் ஒருவழி கிளட்ச். என்னுடைய 11 பேரிங் ரீலில் கைப்பிடிக் குமிழுக்குள்கூட பேரிங் இருக்கிறது, ஆனால் லைன் ரோலரில் பேரிங்குக்குப் பதிலாக வெறும் பிளாஸ்டிக் வளையம் (புஷ்). முதலில் தேய்ந்ததும் அதுதான்.

கடையில் யாரும் கவனிக்காத பாகம் இந்த லைன் ரோலர். ஸ்பூலில் (நரம்பு சுற்றி நிற்கும் பாகம்) ஏறப் போகிற நரம்பு கிட்டத்தட்ட செங்கோணத்தில் திரும்புவது அந்தச் சின்ன உருளையின் மேல்தான். மீன் இழுக்கும்போது மொத்த பாரத்தையும் அது தாங்க வேண்டும். சுழலாமல் நின்றுவிட்டால் நரம்பு ஒரே இடத்தில் உரச ஆரம்பிக்கும். நைலான் நரம்பு சொரசொரப்பாகிப் பலம் இழக்கும், முறுக்கும் ஏறும். இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு என்றால் உருளையிலேயே கோடு விழுந்துவிடும். வாங்கும்போது ஒரு துண்டு நரம்பை உருளையின் மேல் போட்டு, இரண்டு முனையையும் லேசாக இறுக்கிப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நரம்போடு சேர்ந்து உருளையும் சுற்ற வேண்டும். நரம்பு மட்டும் வழுக்கிக்கொண்டு போனால் அந்த ரீல் வேண்டாம். வாங்கிய பிறகு அவ்வப்போது அங்கே ஒரு சொட்டு ஆயில் விடுங்கள்.

அடுத்தது டிராக், அதாவது மீன் பலமாக இழுக்கும்போது நரம்பு அறாமல் இறுக்கத்தோடு விட்டுக்கொடுக்கும் அமைப்பு. அதிகபட்சம் 5 கிலோ, 8 கிலோ என்று போட்டிருப்பதில் மயங்க வேண்டாம். 8 பவுண்டு நரம்பின் பலம் சுமார் 3.6 கிலோ. அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் டிராக் வைப்போம், அதாவது ஒரு கிலோ சுற்றுவட்டம். அந்த ஒரு கிலோவில் டிராக் எப்படி விட்டுக்கொடுக்கிறது என்பதுதான் கேள்வி. மட்டமான டிராக் முதலில் பிடித்துக்கொண்டு நிற்கும், அப்புறம் படக்கென்று விடும், மறுபடி பிடிக்கும். மெல்லிய நரம்பு அறுவது அந்தத் தொடக்க நொடியில்தான். டிராக்கைப் பாதி இறுக்கிவிட்டு, கையால் நரம்பை மெதுவாக இழுத்தாலே இது தெரிந்துவிடும்.

என் நான்கு பேரிங் ரீலின் டிராக்கில் இருப்பது சாதாரண ஃபெல்ட் (அழுத்திய கம்பளி போன்ற துணி) வாஷர்கள்தான். கார்பன் வாஷர் சூட்டை நன்றாகத் தாங்கும், உண்மைதான். ஆனால் நன்னீரில் கெண்டை, கெளுத்தி அளவு மீன்களுக்கு எண்ணெய் ஊறிய ஃபெல்ட் அருமையாக வேலை செய்கிறது. 6 பவுண்டு நரம்பில் நல்ல கனமான கெண்டை கரைக்கு அருகே வந்து கடைசியாக ஒரு ஓட்டம் ஓடும் பாருங்கள், அந்த நேரத்தில்கூட ஒரு தடுமாற்றம் இல்லாமல் நரம்பு போகிறது. வீட்டுக்கு வந்ததும் டிராக் குமிழைத் தளர்த்தி வைப்பேன். இறுக்கமாகவே கிடந்தால் ஃபெல்ட் நசுங்கி அந்த மென்மை போய்விடும்.

கைப்பிடியில் இரண்டு வகை உண்டு. அறுகோணத் தண்டை நுழைத்து மறுபக்கம் திருகால் இறுக்குவது ஒன்று, கியருக்குள்ளேயே நேராகத் திருகி ஏறுவது இன்னொன்று. முதல் வகை நாளாக நாளாக ஆட்டம் காண்கிறது. அதனால் மீன் பிடிக்க முடியாமல் போகாது, ஆனால் லேசான கடி கையில் தெரிவது குறையும். கிடைத்தால் இரண்டாவது வகையை எடுங்கள்.

கியர் விகிதம் 5:1 (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு நரம்பைச் சுற்றும் பாகம் ஐந்து சுற்று) பக்கத்தில் இருப்பதே எனக்குப் பிடித்தது. 6:1 வேகமாகச் சுற்றும், ஆனால் தண்ணீரில் இழுவை அதிகமுள்ள லூரை (செயற்கை இரையை) இழுக்கும்போது கைக்கும் கியருக்கும் பாரம் கூடும். எந்த ரீலாக இருந்தாலும், மீனைக் கைப்பிடியின் பலத்தால் இழுக்காதீர்கள். தூண்டில் கோலான ராடைத் தூக்கி மீனைக் கொண்டுவந்து, ராடை இறக்கும்போது நரம்பைச் சுற்றிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் கலந்த உடம்பு பாரத்தில் லேசாக வளையும், வளைந்தால் கியர் பற்கள் சரியாகப் பொருந்தாது.

ரீலின் மேல் போட்டிருக்கும் அளவு எண்ணைப் பொறுத்தவரை, ஒரே ஒரு ரீல்தான் என்றால் 2500. சின்ன மீனுக்கு மட்டும் என்றால் 1000. ஆனால் இந்த எண்கள் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல. டைவாவின் பழைய 2500 நன்றாகவே பெரியது. 2018-இல் எல்டி வரிசை வந்த பிறகுதான் அவர்கள் எண் ஷிமானோவின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தது. பழைய ரீலைக் கைமாற்றி வாங்குகிறவர்கள் எடையையும் ஸ்பூல் கொள்ளளவையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நரம்பு ஏற்றும்போது ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கும், மிகவும் குறைந்தால் தூரம் போகாது. பிரெய்டை உலோக ஸ்பூலில் நேரடியாகக் கட்டினால் மொத்தமாக வழுக்கிச் சுற்றும், டிராக் கெட்டுவிட்டது போலவே தோன்றும். அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. வீசுவதற்காகத் திறக்கும் வளைந்த பெயில் கம்பியை, வீசிய பிறகு கையால் மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால் ஸ்பிரிங் சீக்கிரம் களைக்கும், தளர்ந்த நரம்பு ஸ்பூலில் ஏறிச் சிக்கும்.

கழுவும் விஷயத்தில் ரீலைத் தண்ணீரில் முக்கவே கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். வருடத்துக்கு ஒரு முறை திறந்து கியருக்கு கிரீஸ், பேரிங்குக்கு ஆயில். ஒருவழி கிளட்சில் மட்டும் கிரீஸ் படக்கூடாது. அதன் உருளைகள் ஒட்டிக்கொண்டால் கைப்பிடி பின்னால் நழுவ ஆரம்பிக்கும், அதுவும் முள்ளைக் குத்தி இழுக்கிற அந்த நேரத்தில்.

வாங்கும் முன் உதிரி பாகம் கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள். பெயில் ஸ்பிரிங், லைன் ரோலர், டிராக் வாஷர் மூன்றும் கிடைத்தால் மலிவு ரீலும் பல வருடம் ஓடும். பெரிய கியர் தேய்ந்தால் கதை வேறு. புது கிரீஸ் போட்ட பிறகும் சுற்றும்போது பல் பல்லாகத் தட்டுகிறது என்றால் அதற்குச் செலவு செய்ய வேண்டாம், ஸ்பூலையும் கைப்பிடியையும் கழற்றி வைத்துக்கொண்டு அதே மாடலில் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்.