கல்மண்டபத்துத் தார்ப்பாய்க் கடையில் திருத்திய ரைஃபிள் சட்டை

ராயபுரம் கல்மண்டபத்தை ஒட்டிய சந்து ஒன்றில், மீன்பிடிப் படகுகளுக்கும் லாரிகளுக்கும் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கும் பெயர்ப்பலகை இல்லாத கடை ஒன்று இருக்கிறது. படுத்த நிலையில் ரைஃபிள் சுடுவதற்கான என் கேன்வாஸ் சட்டையைச் சென்ற மே மாதம் அங்கேதான் திருத்தித் தைத்துக்கொண்டேன். துப்பாக்கிச் சட்டையைத் தார்ப்பாய்க் கடைக்கு எடுத்துச் செல்லும் நிலை வந்ததற்குக் காரணம் உண்டு. மூத்த வீரர் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கிய அந்தச் சட்டையை முதலில் விளையாட்டுப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் கொடுத்திருந்தேன். சட்டை என்றால் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்து, பொத்தான்களை நகர்த்தி இறுக்கிவிட்டார்கள். அடுத்த போட்டியில் உபகரணச் சோதனை மேசையிலேயே சட்டை நிராகரிக்கப்பட்டது. அன்று சாதாரண ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு 60 குண்டுகளையும் சுட்டு முடித்தேன். முழங்கை இரண்டு நாள் மடங்கவில்லை.

சர்வதேச விதி இதில் கண்டிப்பானது. கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது, வழக்கமாகப் பூட்டும் இடத்தைத் தாண்டிக் குறைந்தது 70 மில்லிமீட்டர் அளவுக்குச் சட்டையின் ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் ஏற வேண்டும். துணியின் தடிமன் ஓரடுக்காக 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. முழங்கைப் பட்டைக்கு உள்துணியும் சேர்த்து 10 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி. இவற்றை நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தபோது, கடைக்காரர் பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "லாரிக்குத் தைக்கிறவன்கிட்ட வந்து மில்லிமீட்டர் பேசுறீங்களே சார், இதுக்கு எதுக்கு இவ்ளோ கணக்கு?" என்றார்.

அவருக்கு 2018ஆம் ஆண்டு கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியைச் சொன்னேன். பெண்களுக்கான 50 மீட்டர் படுத்த நிலைப் போட்டியில் சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ 621.0 புள்ளிகளுடன் தங்கமும், நம் தேஜஸ்வினி சாவந்த் 618.9 புள்ளிகளுடன் வெள்ளியும் பெற்றார்கள். ஸ்காட்லாந்தின் ஷோனா மெக்கின்டாஷுக்கு 618.1 புள்ளிகளுடன் வெண்கலம். தனியாக இறுதிச் சுற்று கிடையாது; 60 குண்டுகளின் கூட்டுத்தொகையே முடிவு. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே 2.1 புள்ளி என்றால் குண்டுக்குச் சராசரியாக 0.035 புள்ளி. அந்த இலக்கில் ஒரு முழுப் புள்ளிக்கு 8 மில்லிமீட்டர் என்பதால், ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒவ்வொரு குண்டும் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தள்ளிப் பட்டதற்கு ஈடாகத்தான் தங்கம் கைமாறியது. பாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு நூற்கண்டை எடுத்துக் காட்டி, "அந்த அளவுக்கு என்கிட்ட நூலே கிடையாது சார்" என்றார். ஆனால் அதன்பின் என் வெர்னியர் அளவுகோலைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை.

இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம், அவர் அளவெடுத்த விதம். கடைவாசலில் ஒரு தார்ப்பாயை விரித்து, சட்டையைப் போட்டுக்கொண்டு சுடுவதுபோல் படுக்கச் சொன்னார். துப்பாக்கிக்குப் பதிலாக ஒரு மூங்கில் கழியைப் பிடித்து, இடது மேற்கையில் ஸ்லிங்கை, அதாவது துப்பாக்கியைக் கையோடு இணைத்துத் தாங்கும் வாரை, மாட்டிப் படுத்தேன். தெருவில் போன பிள்ளைகள் நின்று சிரித்தார்கள். அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, தோளிலும் கை மடிப்பிலும் துணி எங்கெங்கே சுருங்குகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டார். நின்றபடி அளவெடுத்தால் இந்தச் சுருக்கங்கள் தெரியவே தெரியாது. ஸ்லிங்குக்கு அடியில் துணி மடிந்து கிடந்தால், மேற்கையின் நாடித்துடிப்பு ரைஃபிளுக்கு ஏறி, குழல் முனையிலுள்ள முன்குறி வளையத்துக்குள் தெரியும் இலக்கின் கறுப்பு வட்டம் மெல்லத் துள்ளும். என் பழைய சங்கடம் அதுதான். எந்த விளையாட்டுக் கடையிலும் என்னை இதுவரை படுக்கச் சொன்னதில்லை.

வேலை முதல் தடவையே சரியாக வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். படகுத் தார்ப்பாய் தைப்பவருக்குப் பலம்தான் வேதம். பொத்தான் வரிசைக்குப் பின்னால் கேட்காமலே ஒரு ரெக்சின் பட்டையை வைத்துத் தைத்திருந்தார். அதோடு சேர்த்து அளந்தால் தடிமன் வரம்பைத் தாண்டியது. "பலம் வேணாமா சார்?" என்று மனத்தாங்கலோடுதான் பிரித்தார். முழங்கைக்குப் புதிதாக வைத்த புள்ளி ரப்பரை மட்டும் மூன்று முறை கத்தியால் சீவி, கடைசியில் உள்துணியோடு 9.4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். சட்டைக்கை வெளிப்புறத்தில் ஸ்லிங் நழுவாமல் இருக்க ஒரே ஒரு கொக்கிக்குத்தான் விதியில் இடம் உண்டு. அதை ஒரு விரற்கடை தாழ்த்தித் தைத்துவிட்டதால் இன்னொரு நாள் போய்வர வேண்டியிருந்தது. தையல் என்னவோ அசைக்க முடியாதது. மெழுகு தடவிய நைலான் நூலில் போட்ட காஜாக்கள் இந்தச் சட்டையின் ஆயுளைத் தாண்டியும் நிற்கும்.

கூலியாக 1,850 ரூபாய் வாங்கினார், ரசீது கிடையாது. நான்கு நாளில் தருவதாகச் சொல்லிப் பதினொரு நாள் ஆக்கினார். அதில் என் தவறும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டுப் படகுகளெல்லாம் கரையேறிப் பழுதுபார்க்கும் அந்த இரண்டு மாதங்களில் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. சட்டை வேண்டியவர்கள் அதற்கு முன்போ பின்போ போவது நல்லது. சட்டையில் ஏறிய தார் வாடை போக மூன்று நாள் மாடியில் காயப்போட்டேன். இன்னும் லேசாக இருக்கிறது.

படுத்த நிலைப் போட்டி 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் துப்பாக்கி சுடுதலே இல்லை. லண்டன் ஒலிம்பிக்கில் இதே பிரிவில் ஜாய்தீப் கர்மாகர் நான்காம் இடம் வரை வந்ததை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. இத்தகைய பிரிவுக்காகப் பல பத்தாயிரம் கொடுத்துப் புதிதாக இறக்குமதிச் சட்டை வாங்க மனம் வராத என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கடை போதும்.

திருத்திய சட்டையோடு போன முதல் போட்டியில் உபகரணச் சோதனை மேசையில் இருந்தவர் பொத்தானைப் பிடித்து இழுத்து அளந்தார்: 74 மில்லிமீட்டர். என் மதிப்பெண் 601.2 இலிருந்து 604.3 ஆனது. அதில் சட்டைக்கு எவ்வளவு பங்கு, அன்று காலை காற்றே அடிக்காததற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஸ்லிங்கின் தோல் வாரும் இற்றுப்போயிருக்கிறது. பெரியமேட்டில் நல்ல தோலாகப் பார்த்து வாங்கி வந்தால் தைத்துத் தருவதாகப் பாய் சொல்லியிருக்கிறார், 40 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் போகக் கூடாது என்று இந்த முறை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.