லிங்கன் உண்மையில் எத்தனை முறை தோற்றார்? ஸ்பிரிங்ஃபீல்ட் தேர்தல் நடைச்சுற்றுலா: ஒரு மதிப்புரை

இல்லினாய் மாநிலத்தின் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போகிறவர்களில் பலர் ஆபிரகாம் லிங்கன் வாழ்ந்த வீட்டையும் ஓக் ரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில் உள்ள அவருடைய நினைவிடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர் தேர்தல்களில் நின்ற கதையை மட்டும் எடுத்துக்கொண்டு, நகரின் நடுவே இரண்டு மணி நேரம் நடத்திச் சென்று விளக்கும் ஒரு சுற்றுலாச் சேவையும் அங்கே இருப்பதை அறிந்து, தலைக்கு 20 டாலர் கட்டி, பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளுடன் அதில் கலந்துகொண்டேன். ஒருவரே முன்னின்று நடத்தும் சிறு தொழில் அது. குறைகளையும் இங்கே எழுதவிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

எங்களை அங்கே இழுத்துச் சென்றது ஒரு பட்டியல். தன்னம்பிக்கைப் பேச்சுகளில் அடிக்கடி ஒப்பிக்கப்படும் பட்டியல்தான்: 1832இல் தோற்றார், 1838இல் தோற்றார், 1843இல் தோற்றார், 1848இல் தோற்றார், 1855இல் தோற்றார், 1856இல் தோற்றார், 1858இல் தோற்றார், 1860இல் அமெரிக்காவின் அதிபரானார். என் மகள் ஒரு பேச்சுப் போட்டிக்காக அதை மனப்பாடம் செய்து பரிசும் வாங்கியிருந்தாள். ஆண்டுகள் பெரும்பாலும் சரியானவைதாம். ஆனால் அந்தந்த ஆண்டில் வாக்களித்தவர்கள் யார், எதற்காக வாக்களித்தார்கள் என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை. இந்தச் சுற்றுலாவின் ஆகப் பெரிய பலம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் வழிகாட்டி முதலில் அந்தக் கேள்வியைத்தான் எடுக்கிறார் என்பது.

பழைய மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் எதிரே நின்றபடி அவர் 1832இலிருந்து தொடங்கினார். லிங்கனுக்கு அப்போது 23 வயது. நியூ சேலம் என்னும் சிற்றூரில் கடைச் சிப்பந்தியாக இருந்தவர். மாநிலப் பிரதிநிதிகள் சபைக்கு சங்கமன் மாவட்டத்திலிருந்து போட்டியிட முன்வந்த கையோடு, பூர்வகுடியினருக்கு எதிரான பிளாக் ஹாக் போருக்கான தொண்டர் படையில் சேர்ந்துவிட்டார். திரும்பி வந்தபோது பிரச்சாரத்துக்குச் சில வாரங்களே எஞ்சியிருந்தன. 13 பேர் நின்ற அந்தத் தேர்தலில் முதல் நால்வர்தாம் தேர்வு பெறுவார்கள். லிங்கனுக்குக் கிடைத்தது எட்டாம் இடம். ஆனால் அவரை நேரில் அறிந்த நியூ சேலம் வாக்குச்சாவடியில் பதிவான 300 வாக்குகளில் 277 அவருக்கே விழுந்தன. அன்று இரகசிய வாக்குச்சீட்டு கிடையாது. வாக்காளர் அதிகாரிகளின் முன்னால் வந்து நின்று, தாம் தேர்ந்தெடுப்பவர்களின் பெயர்களை உரக்கச் சொல்ல வேண்டும். எழுத்தர் அதைப் பேரேட்டில் குறித்துக்கொள்வார். 277 பேர் ஊரறிய அந்த இளைஞரின் பெயரைச் சொன்னார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, அந்த எண்ணுக்கு இருந்த எடை எனக்கு அப்போதுதான் புரிந்தது. இல்லினாயில் இந்த முறை 1848 வரை நீடித்தது.

அதன் பிறகு வரிசையாக வெற்றிகள். 1834இல் 1,376 வாக்குகளுடன் இரண்டாம் இடம். 1836இல் 17 பேரில் முதலிடம். 1838இல் மறுபடியும் முதலிடம். 1840இல் தேர்வான ஐவரில் கடைசி இடம். இடையில் 1838இலும் 1840இலும் சபாநாயகர் பதவிக்கு நின்று வில்லியம் யூயிங்கிடம் தோற்றது உண்மை. ஆனால் அது சபை உறுப்பினர்களுக்குள் கட்சி வாரியாக நடந்த வாக்கெடுப்பு. 1836இல் அந்த மாவட்டத்திலிருந்து சென்ற ஒன்பது பேரும் நல்ல உயரம், மொத்தம் சேர்த்தால் 54 அடி என்று பேசிக்கொள்வார்களாம். அவர்கள் கூடி முயன்றுதான் தலைநகரை வண்டேலியாவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த கட்டடமே ஒரு தேர்தல் வெற்றியின் விளைவு என்று இதை இணைத்துச் சொன்ன விதம் அழகாக இருந்தது.

காங்கிரஸ் காலத்தை அவர் விரைவாகவே கடந்தார், அது சரிதான். 1843இல் லிங்கனின் அன்றைய கட்சியான விக் கட்சிக்குள் ஜான் ஹார்டினுக்கும், அடுத்த முறை எட்வர்ட் பேக்கருக்கும் வழிவிட்ட பின், 1846இல் லிங்கன் முறை வந்தது. பீட்டர் கார்ட்ரைட் என்ற புகழ்பெற்ற மெதடிஸ்ட் போதகரை 6,340க்கு 4,829 என்ற கணக்கில் வென்றார். 1848இல் தோற்றார் என்று பட்டியல் சொல்வது பிழை. ஆளுக்கொரு முறை என்ற புரிதல் கட்சிக்குள் இருந்ததால் அவர் அந்த ஆண்டு நிற்கவே இல்லை. அவருக்குப் பதிலாக நின்ற ஸ்டீபன் லோகன்தான் தோற்றார். 1840இல் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் விக் பட்டியலில் லிங்கன் பெயர் இருந்து அந்தப் பட்டியல் இல்லினாயில் தோற்றதையும் சிலர் அவர் கணக்கில் எழுதுவதுண்டு. அங்கே மக்கள் அதிபர் வேட்பாளர்களான ஹாரிசனுக்கும் வான் பியூரனுக்கும் இடையில் முடிவு செய்தார்களே அன்றி, லிங்கனைப் பற்றி அல்ல.

இந்தச் சுற்றுலாவில் நான் மறக்க முடியாத அரை மணி நேரம், அந்தப் பழைய கட்டடத்தின் மாடியில், பிரதிநிதிகள் சபை மண்டபத்தில் கழிந்தது. 1960களில் கற்களைக் கழற்றி மறுபடியும் எழுப்பிய கட்டடம்தான் என்றாலும், உள்ளே நுழைந்ததும் லிங்கன் காலத்து மன்றம் அப்படியே கண்முன் நிற்கிறது. செனட் உறுப்பினர்களை அந்தக் காலத்தில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை; மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது, 1913இல் அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் வரும்வரை அதுதான் நிலை. 1854இல் லிங்கன் மறுபடியும் சட்டமன்றத்துக்கு வென்றார்; ஆனால் சட்டமன்ற உறுப்பினராக இருந்துகொண்டு செனட்டுக்கு நிற்க முடியாது என்பதால் அந்த இடத்தை ஏற்காமல் விட்டார். இப்படி ஒரு வெற்றி கிடைத்தது என்பது தோல்விப் பட்டியல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை.

1855 பிப்ரவரி 8 அன்று அந்த மண்டபத்தில் நடந்த செனட் தேர்தலை வழிகாட்டி எங்களையே உறுப்பினர்களாக வைத்து நடத்திக் காட்டினார். முதல் சுற்றில் லிங்கன் முன்னிலை. ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் அவரையடுத்து. லைமன் டிரம்புலுக்கு வெறும் 5 வாக்குகள். அடிமைமுறை புதிய பிரதேசங்களுக்குப் பரவுவதை எதிர்த்த ஜனநாயகக் கட்சியினர் ஐவர், கொள்கையில் லிங்கனோடு ஒத்துப்போனாலும் ஒரு விக் கட்சிக்காரருக்கு வாக்களிக்க மாட்டோம் என்று அசையாமல் நின்றார்கள். சுற்றுக்குச் சுற்று லிங்கனின் ஆதரவு கரைந்து ஒன்பதாவது சுற்றில் 15ஆனது. மறுபக்கம் ஆளுநர் ஜோயல் மாட்டிசன் வெற்றியை நெருங்கிக்கொண்டிருந்தார். அப்போது லிங்கன் தம்மிடம் எஞ்சியிருந்தவர்களை டிரம்புலுக்கு வாக்களிக்கச் சொன்னார். பத்தாவது சுற்றில் 51 வாக்குகளுடன் டிரம்புல் செனட்டரானார். எங்கள் குழுவில் லிங்கன் ஆதரவாளராக நின்றிருந்த என் மகள், பத்தாவது சுற்றில் இடம் மாறி எதிர்வரிசைக்குப் போக வேண்டியிருந்தது. அவள் நடந்து போன முகத்தைப் பார்த்தேன். பட்டியலில் ‘1855 தோல்வி’ என்று இரண்டே சொல்லில் அடங்கிவிடுவது, தன் பதவியை விட்டுக்கொடுத்துத் தன் கொள்கையைக் காத்த ஒரு பிற்பகல் என்பதை அவளுக்கு நான் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் இப்படிப் பதிந்திருக்காது.

1858ஐப் பற்றிய பகுதியும் அதே மண்டபத்தில்தான். செனட் பதவிக்கு எதிர்த்து நின்ற ஸ்டீபன் டக்ளஸுடன் ஆகஸ்ட் 21 அன்று ஒட்டாவாவில் தொடங்கி அக்டோபர் 15 அன்று ஆல்டனில் முடிந்த ஏழு விவாதங்கள். ஒருவர் ஒரு மணி நேரம் பேச, மற்றவர் ஒன்றரை மணி நேரம் மறுக்க, முதலாமவர் அரை மணி நேரம் முடித்துவைக்கும் முறை. அந்த ஆண்டு மாநிலம் முழுவதும், லிங்கன் அதற்குள் சேர்ந்திருந்த குடியரசுக் கட்சி பெற்ற மொத்த வாக்குகள் டக்ளஸின் கட்சி பெற்றதைவிடச் சற்று அதிகம். ஆனால் பழைய மக்கள்தொகைக் கணக்கின்படி வகுத்த தொகுதிகளும், அந்த ஆண்டு தேர்தலைச் சந்திக்காத மேலவை உறுப்பினர்களும் டக்ளஸுக்குச் சாதகமாக அமைந்ததால், 1859 ஜனவரியில் சட்டமன்றம் 54க்கு 46 என்று அவரையே தேர்ந்தெடுத்தது. இதை வழிகாட்டி தெளிவாக விளக்கினார். ஆனால் கையில் கொடுத்த அச்சிட்ட தாளில் ‘1858: டக்ளஸிடம் மக்கள் வாக்கில் தோல்வி’ என்று இருந்தது. வாய்ச்சொல் சரியாகவும் தாள் தவறாகவும் இருந்தால், வீட்டுக்குப் போவது தாள்தான். இதை நான் அவரிடம் தனியே சொன்னேன், நன்றியோடு குறித்துக்கொண்டார்.

என் மகள் அந்த இடத்தில்தான் மெல்லக் கேட்டாள்: “அப்பா, அப்படியென்றால் மக்கள் நேரடியாக அவரைத் தோற்கடித்தது 1832இல் மட்டும்தானா?” ஆம் என்றேன். பிற்காலத்தில் தம்மைப் பற்றி எழுதிய குறிப்பில் லிங்கனே அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

சுற்றுலாவின் பெரிய குறை என்று நான் கருதுவது, ‘மக்கள்’ என்ற அந்தச் சொல்லின் எல்லையை அது அளந்து காட்டாததுதான். சார்ல்ஸ்டனில் நடந்த நான்காவது விவாதத்தில், கறுப்பினத்தவரை வாக்காளர்களாகவோ ஜூரிகளாகவோ ஆக்குவதற்குத் தாம் ஆதரவானவர் அல்லர் என்று லிங்கன் கூட்டத்தின் முன் அறிவித்தார். இல்லினாயில் அன்று கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை இல்லை, பெண்களுக்கும் இல்லை. அதே மனிதர் 1836இல் வரி செலுத்தும் அல்லது ஆயுதம் ஏந்தும் வெள்ளையர் அனைவருக்கும், பெண்களை ஒதுக்காமல், வாக்குரிமை வேண்டும் என்று செய்தித்தாளுக்கு எழுதியவர். 1865 ஏப்ரல் 11 அன்று ஆற்றிய கடைசிப் பொது உரையில் கறுப்பினப் படைவீரர்களுக்கு வாக்குரிமை அளிப்பதை ஆதரித்தவர். ஒருவரின் தேர்தல் வரலாற்றைச் சொல்கிறோம் என்றால், யார் வாக்களிக்கலாம் என்பது பற்றி அவர் மனம் நகர்ந்து வந்த தூரமும் அந்த வரலாற்றில் சேர வேண்டும். இரண்டு மணி நேரத்தில் இதற்கு ஒரு வாக்கியம்கூட இல்லாதது எனக்கு வருத்தமே.

1860க்கு வந்ததும் வழிகாட்டியின் குரலில் வேகம் கூடுகிறது. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த சிகாகோ மாநாட்டின் முதல் சுற்றில் போட்டியாளர் சீவர்டுக்கு 173½, லிங்கனுக்கு 102. இரண்டாவதில் 184½க்கு 181. மூன்றாவதில் லிங்கன் 231½ வரை வந்து, தேவையான 233ஐ எட்ட ஒன்றரை வாக்கு குறைய, ஒஹையோவின் பிரதிநிதிகள் நால்வர் மாறி வாக்களித்தார்கள். பொதுத்தேர்தலில் நால்வர் போட்டி. சுமார் 40 விழுக்காடு மக்கள் வாக்குடன் லிங்கன் பெற்ற தேர்வாளர் வாக்குகள் 180. பிரெக்கின்ரிட்ஜுக்கு 72, பெல்லுக்கு 39, டக்ளஸுக்கு 12. தென்மாநிலங்கள் பலவற்றில் லிங்கனுக்கான வாக்குச்சீட்டே கிடையாது. சதுக்கத்தின் கிழக்குப் பக்கம், அன்றைய மாவட்ட நீதிமன்றம் இருந்த இடத்தில் நின்று, நவம்பர் 6 பிற்பகல் லிங்கன் வாக்களிக்க வந்த காட்சியை அவர் விவரித்தார். கட்சி அச்சிட்ட சீட்டின் தலைப்பில் இருந்த தேர்வாளர் பெயர்களைக் கத்தரித்து எடுத்துவிட்டு, அதாவது தமக்கே வாக்களிக்காமல், மீதிப் பதவிகளுக்கு மட்டும் வாக்களித்தாராம். இல்லினாய் அவருக்குக் கிடைத்தது. ஆனால் சொந்த மாவட்டமான சங்கமனை டக்ளஸிடம் மிகச் சிறிய வித்தியாசத்தில் இழந்தார்.

அடுத்து வந்த 1864க்கு ஐந்தே நிமிடங்கள். நிகழ்வுகள் வாஷிங்டனில் நடந்தவை என்பது காரணமாக இருக்கலாம், ஆனாலும் உள்நாட்டுப் போரின் நடுவே தேர்தலைத் தள்ளிவைக்காமல் நடத்திய ஆண்டு அது. தாம் தோற்பது உறுதி என்று எண்ணி, வெற்றி பெறப்போகிறவரோடு ஒத்துழைக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 23 அன்று எழுதிய குறிப்பை மடித்து, உள்ளே இருப்பதைக் காட்டாமலே அமைச்சர்களிடம் அவர் கையொப்பம் வாங்கினார். பத்து நாளில் தென்தரப்பின் அட்லாண்டா நகரம் வீழ்ந்தது, காற்று திசைமாறியது. களத்தில் வாக்களிக்க முடியாத இந்தியானா வீரர்களை, ஆபத்தில்லையென்றால் ஊருக்கு அனுப்புமாறு படைத்தளபதி ஷெர்மனுக்கு எழுதினார். முடிவு 212க்கு 21. எதிர்த்து நின்ற மெக்கிளெல்லனுக்குக் கிடைத்தவை கென்டக்கி, டெலவேர், நியூ ஜெர்சி மட்டுமே. சங்கமன் மாவட்டம் இந்த முறையும் லிங்கனுக்கு வாக்களிக்கவில்லை. இந்த ஒரு செய்திக்காகவாவது நீதிமன்ற இடத்தில் இன்னும் பத்து நிமிடம் நின்றிருக்கலாம்.

வசதிகளைப் பற்றி: நாங்கள் போன நாளில் 20 பேருக்கு மேல் இருந்தோம், ஒலிபெருக்கி இல்லாததால் தெருவில் பின்வரிசைக்குப் பாதிதான் கேட்டது, ஆகவே வழிகாட்டியை ஒட்டியே நடங்கள். கோடையில் நிழல் குறைவு, தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். 1861 பிப்ரவரி 11 அன்று லிங்கன் ஊரிடம் விடைபெற்ற பழைய ரயில் நிலையத்தில் சுற்றுலா முடிகிறது. அங்கிருந்து அவருடைய வீடு நடக்கும் தூரம்தான், உள்ளே செல்ல நுழைவுச்சீட்டு இலவசம். முடிந்தால் அன்று காலையிலேயே, சுமார் 20 மைல் தள்ளியுள்ள நியூ சேலத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். 277 பேர் பெயர் சொன்ன அந்த ஊரைக் கண்ட பிறகு 1832ஐக் கேட்பது வேறு அனுபவம். கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது என்று தயங்காமல் சொல்வேன். தாளில் 1858க்கு எதிரே இருந்த வரியை என் மகள் பேனாவால் அடித்து, ‘சட்டமன்றம் 54-46’ என்று எழுதி வைத்திருக்கிறாள்.