பழைய அலுவலகம் ஹோட்டலாகும்போது: தாழ்வாரத்தைக் காப்பதா, முற்றம் திறப்பதா?

கட்டடத்தின் முகப்பு எவ்வளவு அழகு என்பது இரண்டாவது கேள்வி. ஜன்னலில் இருந்து நடுப்பகுதிக்கு எத்தனை அடி? பகல் வெளிச்சம் நடுவரை எட்டுமா, அதனால் தாழ்வாரம், முற்றம் இரண்டில் எந்த வழி சரிவரும் என்பதை அந்த அளவுதான் சொல்லும்.

சிகாகோவின் ரிலையன்ஸ் கட்டடம் ஒடுக்கமானது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்டு, 1999-இல் 122 அறைகளுடன் ஹோட்டலானது. மேல்தளங்களில் ஒரு காலத்தில் மருத்துவர்களின் அறைகள் இருந்தன. புதுப்பித்தபோது தாழ்வாரங்களின் பளிங்கையும் மரவேலையையும் மீட்டெடுத்தார்கள். மங்கல் கண்ணாடி பதித்த கதவு, அதில் கடிதம் போடும் துளை. சாவியோடு அங்கே நிற்பவருக்கு, தான் ஓர் அலுவலகத்துக்குள் தூங்கப் போகிறோம் என்பது விளக்கப் பலகை இல்லாமலே புரியும். எனக்கு இதுதான் உண்மையான மரபுப் பாதுகாப்பு. விலையும் உண்டு: அறைகள் ஒரே அளவில் அமையா, கண்ணாடிக் கதவு சத்தத்தை முழுதாகத் தடுக்காது.

சிங்கப்பூரின் ஃபுல்லர்டன் கட்டடம் நேர் எதிர். 1928-இல் திறக்கப்பட்ட அந்தப் பெரிய கட்டடத்தில்தான் தலைமை அஞ்சலகம் இயங்கியது. 2001-இல் 400 அறைகளுடன் ஹோட்டலானது. நடுவே உயர்ந்த முற்றம், மேலிருந்து பகல் வெளிச்சம். அறைகளில் ஒரு பகுதி ஆற்றையோ விரிகுடாவையோ பார்க்காமல் இந்த முற்றத்தையே பார்க்கின்றன. இத்தனை அகலமான கட்டடத்தில் வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒடுக்கமான கட்டடத்திலும் பிரம்மாண்டத்துக்காக நடுவை வெட்டி எடுப்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. வெட்டிய தாழ்வாரம் திரும்ப வராது.

இரண்டு வழியிலும் தலைவலி தருவது குழாய்தான். தளத்துக்கு ஒன்றிரண்டு கழிப்பறைகள் இருந்த இடத்தில் இப்போது அறைக்கு ஒரு குளியலறை வேண்டும். குழாய்களையும் குளிர்சாதனக் காற்றுப் பாதையையும் மறைக்கப் பொய்க்கூரை போடுகிறார்கள். அது ஜன்னலின் தலையை அறுத்துக்கொண்டு போனால், இரவில் தெருவில் நின்று பார்க்கும்போதே தெரியும்: உயரமான ஜன்னலில் கீழ்ப்பாதியில் விளக்கு, மேலே கறுப்புப் பட்டை. பொய்க்கூரையை வாசல் பக்கத்தோடும் குளியலறைக்கு மேலோடும் நிறுத்திவிட்டு, ஜன்னலோரம் பழைய உயரத்தை விட்டுவைத்தால் இந்த அவலம் நேராது. எந்த வழியைத் தேர்ந்தாலும் வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது, பொய்க்கூரை எங்கே நிற்கிறது என்று காட்டும் கோட்டைத்தான்.